சீசனும் சர்க்கரையும்



"டாக்டர், பண்டிகை சமயம், உடம்பைப் பார்த்துக்கிறது பத்தி பத்து நிமிஷம் பேசுங்கோ. ஆனா பயமுறுத்தாதீங்கோ" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முடிந்தவரை முயல்கிறேன்.

நம் பக்கத்துப் பண்டிகைக் காலம் ரங்கநாதன் தெரு தீபாவளி நெரிசலில் தொடங்கிப் பொங்கலில்தான் ஓயும். நடுவில் மார்கழி. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது நடந்த சங்கீத மாநாட்டின் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்று சபாவுக்கு சபா ஓடுகிறோம். காலையில் லெக்-டெம், மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இடையில் கேன்டீன் போளி. போளியை நான் குறை சொல்லவில்லை. என் கவலையெல்லாம் கடிகாரத்தைப் பற்றித்தான்.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. இந்த ஹாலிலேயே பலர் இருப்பீர்கள். மாலை 6 மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, பல்லவி முடிந்து 9 மணிக்குச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தால், ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். சில மாத்திரைகளும் இப்படிச் செய்யும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், தலை தொங்கும். பக்கத்து சீட்டுக்காரர் நீங்கள் ராகத்தில் கரைந்துவிட்டதாக நினைப்பார்! உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு தடவை, தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சபாவுக்குப் போகிறவரைப் பக்கத்து சீட்டுக்காரராவது கவனிப்பார். வீட்டில் இருப்பவரை?

எனக்குத் தெரிந்த ஒரு மாமி, மந்தைவெளி. அறுபது தாண்டியவர், சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. பிள்ளை குடும்பத்தோடு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். நாலு மணிக்குக் கோலம், திருவாதிரைக் களி, பேரனுக்குத் தனிச் சமையல், ராத்திரி ஒரு மணிக்கு ஏர்போர்ட். பி.பி. மாத்திரை தீர்ந்து பத்து நாளாகியும் வாங்கவில்லை. நெஞ்சில் அடைப்பு மாதிரி வந்தபோது "வாயு" என்று ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். "வந்தவா ஊருக்குப் போகட்டும், அப்புறம் காட்டிக்கலாம்" என்று இரண்டு நாள் தள்ளினார். பிளேன் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தபோது ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. நேரத்தில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய இதயத் தசை போய்விட்டது. இன்று இருக்கிறார், ஆனால் மாடிப்படி ஏற முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி சுரீரென்று வர வேண்டும் என்பதில்லை. மூச்சிரைப்பு, வியர்வை, குமட்டல், சொல்லத் தெரியாத அசதி என்றும் வரும். அதை வாயு என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, பெட்டியைத் திறந்து சாக்லேட் எடுத்துக் கொடுக்கும் முன்னால் அம்மாவின் மாத்திரை டப்பாவை வாங்கிப் பாருங்கள். எத்தனை பாக்கி, எது தீர்ந்தது என்று கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு வெளியிலிருந்து வரட்டுமே, மயிலாப்பூரில் மெஸ்ஸுக்கா பஞ்சம்? மத்தியானம் ஒரு மணி நேரம் அவர் படுக்கட்டும். காலிங் பெல்லுக்கு நீங்கள் எழுந்திருங்கள். மாணவர்களே, தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரை எடுங்கள். காய் பொறுக்கத் தெரியாது என்பதெல்லாம் ஒரு சாக்கா?

போகி பற்றி ஒரு வார்த்தை. 2018-ல் போகிப் புகையால் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. ஆஸ்துமாக்காரர்கள் அன்று விடிகாலை வாக்கிங் போகாமல், ஜன்னலைச் சாத்தி, இன்ஹேலரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் யாரோ வாட்சைப் பார்க்கிறார். சாப்பாட்டு ஹால் வாசலில் எங்கள் நர்ஸ் பி.பி. பார்க்க உட்கார்ந்திருக்கிறார். அல்வாவுக்கு முன்னாலேயே கையை நீட்டிவிடுங்கள்.