ஒரு நாள் தறி நின்றால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதின் எழுத்து வடிவம்)



கூட்டம் என்றால் சந்தா, உள்கடன், வங்கி, தவணை பாக்கி, இதைத்தான் பேசுவோம். இன்றைக்கு அதை எல்லாம் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். தீர்மான நோட்டைக் கூட மூடி வையுங்க. ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளோடு, கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, குலதெய்வம் இந்த நாலும் இல்லாமல், சும்மா ஊர் பார்க்க என்று கடைசியாக எப்போது வெளியே போனீங்க? கை தூக்குங்க பார்க்கலாம். (சிரிப்பு) மூணு கை. அதில் ரெண்டு பேர் சாத்தனூர் அணை என்று சொல்லப் போறீங்க, எனக்குத் தெரியும்.

சாத்தனூர் அணை நல்ல இடம்தான். முதலைப் பண்ணை இருக்கு, பூங்கா இருக்கு. ஆனால் நம்ம பிள்ளைகளுக்கு டூர் என்றால் அது ஒண்ணுதான் என்று ஆகிவிட்டது. நம்ம தெள்ளாரைச் சுற்றி இருப்பதை நாமே பார்த்ததில்லை.

சென்னை மாதிரி பெரிய ஊர்களில் சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். வெளிநாட்டிலும் நிறைய இருக்கு. வீட்டுவழிக் கல்வி என்று சொல்றாங்க. அவர்கள் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்கா, பழைய கோயில், குயவர் வீடு, நெசவு, கூத்து, நாட்டியம் என்று போவார்கள். அதுதான் அன்றைக்குப் பாடம். இதை நான் சொன்னதும் ஒரு அக்கா, "அப்போ நாமளும் இஸ்கூலை நிறுத்திடலாமா மேடம்?" என்று கேட்டாங்க. வேண்டாம் அக்கா. படித்த அப்பா அம்மாவும், பகலில் ஓய்வான நேரமும், புத்தகம் வாங்க காசும் இருக்கிற வீட்டுக்குத்தான் அது சரிப்படும். நம்ம வீட்டில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் பிள்ளை உட்காருகிற இடம் தறிதான். 6 வயது முதல் 14 வரை பள்ளிப் படிப்பு பிள்ளைகளின் உரிமை என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. அவர்களிடம் இருந்து அந்த ஒரு நாளை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

கொரோனா காலத்தை நினைச்சுப் பாருங்க. 2020 மார்ச்சில் பள்ளி மூடினார்கள். ஒன்றாவது முதல் எட்டாவது வரை திறந்தது 2021 நவம்பரில். ஒன்றரை வருஷத்துக்கு மேல் எல்லா வீடும் பள்ளிக்கூடமாக இருந்தது. அதாவது, இருந்திருக்க வேண்டும். செல்போன் ஒண்ணு, பிள்ளைகள் மூணு. பெண் பிள்ளை தார் சுற்ற உட்கார்ந்தாள். பள்ளி திறந்தபோது சில பேர் எழுந்து போகவில்லை. இந்தக் கூடத்தில் இருக்கிற அம்மாக்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் வேண்டாம்.

போன மாசி மாதம் நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு இப்படி ஒரு நாள் போய் வந்தார்கள். நானும் கூடப் போனேன். வாரம் பத்து ரூபாய் தனியாக எடுத்து வைத்து, இருபது வாரத்தில் பதினைந்து பேரிடம் மூவாயிரம் சேர்ந்தது. சாப்பாடு அவரவர் வீட்டில் கட்டியது. புளிச்சோறு, எலுமிச்சை சாதம், ஒரு அண்டா மோர். பிள்ளைகளைத் தனியாக அனுப்பவில்லை, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துதான்.

முதலில் எங்கும் போகவில்லை. ஒரு உறுப்பினர் வீட்டுத் தறிக்குத்தான் போனோம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "இது தினம் பாக்குறதுதானே!" ஆனால் தறிக்கு மேலே இருக்கிற ஜக்காடு பெட்டியில் ஓடுகிற அட்டையை இறக்கிக் காட்டி, ஓட்டை இருந்தால் இழை தூக்கும், ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது, அதனால்தான் பார்டரில் அன்னம் வருது, மயில் வருது என்று அந்த அக்கா சொன்னதும் பசங்க வாயை மூடிட்டாங்க. இந்த முறையை பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் கொண்டுவந்தார். அந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்கிறவர் கணக்குப் போடுகிற இயந்திரத்துக்கும் அட்டையாலேயே கட்டளை கொடுக்கலாம் என்று யோசித்தார். உண்டு, இல்லை என்ற அதே கணக்குதான் இன்றைக்குக் கம்ப்யூட்டர் உள்ளேயும் ஓடுது. ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கின சேலைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கு. இதை நம்ம பிள்ளைக்கு யார் சொன்னது? கூலி என்ன, ஜரிகை விலை என்ன என்றுதான் நாம் வீட்டில் பேசுறோம். பேசாமல் முடியாது, அதுவும் சரிதான்.

அப்புறம் நம்ம ஊர்ச் சிவன் கோயில். தெள்ளாறு என்கிற பெயரே ஒரு ராஜாவின் பட்டத்தில் இருக்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் இங்கேதான் பாண்டியனை ஜெயித்தான். அதில் இருந்து அவன் "தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்". அவனைப் பாடிய நூல்தான் நந்திக் கலம்பகம். ஒரு பொடியன், "நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கமா சண்டை நடந்துச்சு?" என்று கேட்டான். எனக்கும் அந்த இடம் எது என்று தெரியாது, ஆனால் கேட்டானே!

அங்கிருந்து தேசூர் வழியாக சீயமங்கலம். போகாதவர்கள் ஒருமுறை போங்க. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து செய்த கோயில். செங்கல் இல்லை, மரம் இல்லை. உள்ளே ஒரு தூணில் சின்னதாக ஆடுகிற சிவன் இருக்கார். தமிழ்நாட்டில் கல்லில் செதுக்கிய ஆடும் சிவன்களில் மிகப் பழையவற்றில் அது ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பக்கத்துக் குன்றில் சமண உருவங்கள், பாகுபலி எல்லாம் இருக்கு. பெண் பிள்ளைகள் தூண் பக்கத்தில் நின்று அதே மாதிரி காலைத் தூக்கி நின்றார்கள். அம்மாக்களில் ரெண்டு பேரும்தான். மகனே போட்டோ எடுத்தான்.

மர நிழலில் சாப்பாடு. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் யாரும் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகள் ஓடினார்கள், அம்மாக்கள் படுத்தார்கள். தறியில் கால் தொங்கவிட்டு பத்து மணி நேரம் உட்காருகிற இடுப்புக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்று அவர்களிடமே கேளுங்க.

இனி கூத்து. இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும்.

நம்ம பக்கம் கூத்துக்குப் பேர் போன பக்கம். செய்யாறு பக்கத்துப் புரிசை உலகம் சுற்றின ஊர். கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை. ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் உரிமை கேட்டு, வட்டம் போட்டு இழுக்கச் சொல்ல, பிள்ளைக்கு வலிக்கும் என்று கையை விட்டவள்தான் தாய் என்று தீர்ப்பு வருமே, பிரெக்ட் என்ற ஜெர்மன்காரர் எழுதிய நாடகம், அதையே அவர்கள் கூத்தாக ஆடினார்கள். 2025-ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பேப்பரில் வந்தது. நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து, ஒரு நாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசியில் மண்ணில் பெரிதாகத் துரியோதனனைப் படுக்கப் போட்டு படுகளம், சாயங்காலம் தீமிதி. திரௌபதி கூந்தல் முடிகிற இடத்தில் அழாத பொம்பளை உண்டா? ஆனால் பாருங்க, அந்தத் திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆம்பளை. அதையும் வயசுக்கு வந்த பெண் ராத்திரியில் பார்க்கக் கூடாது என்று வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு நாம் மட்டும் பாய் எடுத்துக்கொண்டு போறோம். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்ற கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-ல் இருந்து 2020 வரை ஒரு குருகுலம் நடத்தினார்கள். அங்கே பிள்ளைகள் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடினார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கட்டைகள். நம்ம ஊர்க் கலையில் நம்ம பெண்களாலும் முடியும் என்று ஆடிக் காட்டினார்கள்.

எங்கள் குழு அன்றைக்குக் கூத்துக்குப் போக முடியவில்லை, மாசியில் எங்கும் நடக்கவில்லை. சித்திரையில் பக்கத்து ஊரில் நடந்தபோது பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் ஒன்றாகப் போய் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பெண் பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து, சுற்றி அம்மாக்கள். கட்டியங்காரன் பேச்சு சில இடத்தில் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தது. பெரியவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், சிறுசுகளுக்குப் புரியவில்லை. விடியற்காலம் ஆறு மணிக்குப் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். எந்த வீட்டிலும் இடி விழவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண். எட்டாவதோடு நின்றவள், இப்போது பதினேழு வயது. சீயமங்கலத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து நந்திவர்மன் கதையை நான் சொன்னதை விட நன்றாக அவள் திருப்பிச் சொன்னாள். திரும்பி வரும்போது என் பக்கத்தில் வந்து, "மேடம், பத்தாவது நேரா எழுதலாமாமே?" என்றாள். எழுதலாம். எட்டாவது பாஸ் செய்திருந்து பதினாலரை வயது முடிந்திருந்தால் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். அறிவியல் செய்முறைக்கு மட்டும் முன்னாலேயே பதிவு செய்யணும், அதை விட்டுவிட்டால் ஒரு வருஷம் போச்சு. அவள் அம்மா குழுவில் உள்கடன் கேட்டார்கள். பரீட்சைக்கு எல்லாம் கடனா என்று பேச்சு வந்தது. காதுகுத்துக்குக் கொடுக்கிறோமே என்று ஒருத்தர் சொன்னதும் அடங்கியது. கொடுத்தாச்சு. அப்பா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. தறி நின்றால் தவணை யார் கட்டுவது என்று கேட்கிறார். அந்தக் கேள்வியும் பொய் இல்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவளுக்குப் பதிலாக யார் தார் சுற்றுவது என்று அந்தக் குழு இப்போது பேசிக்கொண்டு இருக்கு. முடிவு ஆனதும் சொல்கிறேன்.

இன்னும் சில இடங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை கட்டிப் போகிறோமே, அங்கிருந்து வேடந்தாங்கல் பக்கம்தான். தண்ணீர் இருக்கிற வருஷத்தில், கார்த்திகை முதல் மாசி வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் கூட்டம் கூட்டமாக இருக்கும். அதைக் காப்பாற்றியது அந்த ஊர் விவசாயிகள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதைத் தாங்காமல் 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் போய் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருவக்கரைக்குப் பௌர்ணமிக்குப் போகிறவர்கள் வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறீர்கள். பக்கத்திலேயே கல்மரப் பூங்கா இருக்கு. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரம், கல்லாகிக் கிடக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஏற மூட்டு வலிக்காரர்கள் வேண்டாம்.

செலவு பற்றிப் பயப்பட வேண்டாம். 2021-ல் இருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காசு. தூரத்துக்கு வேன் பேசினால் வாடகையை முதலிலேயே எழுதி வாங்குங்க. தண்ணீர் கேன், மாற்றுத் துணி, தலைவலி மாத்திரை, கழிப்பறை எங்கே என்ற விசாரணை, இது நாலும் முக்கியம். கடைசியாகச் சொன்னது முதல் முக்கியம்.

சரி, நோட்டைத் திறங்க. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் எந்த ஞாயிறு, எந்த இடம், யார் யார் வருகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வரணும். வர முடியாத வீட்டுப் பிள்ளை பெயரையும் எழுதுங்க, யார் கூட்டிக்கொண்டு போவது என்று அங்கே பேசிக்கொள்ளலாம். தனித்தேர்வு எழுத நினைக்கிற பெண்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கச் சொல்லுங்க.