நஞ்சும் சட்டமும்



பயிரைக் காக்கும் பூச்சிநாசினியே உடலுட் சென்றால் உயிர்குடிக்கும் நஞ்சாகின்றது. ஓகனோபொஸ்பேற்று இனத்து நஞ்சு, நரம்பின் ஆணை தசைக்குச் செல்லும் ஒழுங்கைக் குலைக்கும். சுவாசப்பையில் நீர் பெருகும். மூச்சுத் தசைகள் தளரும். அற்றோப்பின் என்னும் மருந்து அந்நீரை வற்றச் செய்யும். தளர்ந்த தசைக்கு அது வலுவூட்டாது. தேறிவிட்டார் என்று கருதப்பட்ட நோயாளிக்கும் ஓரிரு நாள் கழித்து மூச்சு அடங்குதல் உண்டு. ஆதலாற்றான் தீவிர சிகிச்சைப் பிரிவிலே, செயற்கைச் சுவாசப் பொறியின் துணையோடு, வைத்தியரும் தாதியரும் அவரைப் பல நாள் இரவுபகலாகக் காக்கின்றனர்.

கட்டிலருகே நடைபெறும் இப்போராட்டம் மட்டும் போதுமா? இலங்கை இதற்குச் சட்டத்தால் விடை கண்டது. கொடிய நஞ்சுகளான மெதமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகியன 1995 இல் தடைசெய்யப்பட்டன. 1998 இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெதோவேட், பென்தியன். 1995 இல் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 ஆக இருந்த தற்கொலை வீதம், இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. விளைச்சலோ குன்றவில்லை. துயரத்தின் வேகம் பெரும்பாலும் கணப்பொழுதினது. கொடிய நஞ்சு கைக்கெட்டாதிருப்பின் மனிதர் பிழைத்தெழுவர்.

எஞ்சிய கடமை இல்லத்தாருடையது. நாசினிப் போத்தலைப் பூட்டிவையுங்கள். நஞ்சுண்டாரை வாந்தியெடுக்கச் செய்யாது, போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள். மனஞ்சோர்ந்தவரோடு ஆறுதலாகப் பேசுங்கள்.