முதற்பந்து மெதுவாக வரட்டும்

(குடும்ப விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பிள்ளைகள் டென்னிஸ் பழக விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நான் பயிற்சியாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்தில் பிறந்து, பணியின் பொருட்டுக் காரைக்கால் வட்டாரத்துச் சுரக்குடியில் குடியேறியவன். மகளுக்கு இவ்வாட்டத்தைக் கற்பிக்கப் புகுந்து, தவறு செய்து, பின்னர் திருத்திக்கொண்ட தந்தை. அந்த ஒரு தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு எட்டு வயதானபோது, சென்னையிலுள்ள உறவினர் ஒருவர் தாம் ஆடிய பழைய மட்டையை எனக்குக் கொடுத்தார். அது பெரியவர்களுக்குரிய 27 அங்குல மட்டை. பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தையே வாங்கினேன். நாள்தோறும் மாலையில் வீட்டு வாசலில் அவளை நிறுத்திப் பந்தை எறிந்தேன். பந்து தரையில் பட்டு அவள் தலைக்கு மேல் எழும்பியது. மட்டையோ அவள் கையை இழுத்தது. "ஒழுங்காகப் பார்" என்று அதட்டினேன். மூன்று வாரங்களில் அவளுக்கு மணிக்கட்டு வலி கண்டது. "எனக்கு இது வராது, அப்பா" என்று சொல்லி மட்டையைப் பரணில் வைத்துவிட்டாள். இரண்டு ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

குறை பிள்ளையிடம் இல்லை, கருவியிலும் என் அவசரத்திலுமே இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு 23 அங்குல மட்டையும், ஒன்பது, பத்து வயதுக்கு 25 அங்குல மட்டையும் ஏற்றவை. பந்திலும் படிகள் உண்டு. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட 75 விழுக்காடு மெதுவானது. ஆரஞ்சுப் பந்து 50 விழுக்காடு, பச்சைப் பந்து 25 விழுக்காடு மெதுவானவை. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டு முதல் விதியே வகுத்துள்ளது. பெரியவர்களும் சிவப்புப் பந்தில் தொடங்குவதில் இழிவு ஒன்றுமில்லை.

"களம் இல்லையே" என்பீர்கள். முழுக் களம் 78 அடி நீளம் என்பது உண்மை. ஆனால் சிவப்புப் பந்துக்கு 36 அடி நீளமும் 18 அடி அகலமும் போதும். எங்கள் ஊர்ப்புறத்தில் நெல் உலர்த்தும் சிமெண்டுக் களம், அறுவடை நாள்கள் நீங்கலாக வெறுமையாகவே கிடக்கும். உரியவரிடம் இசைவு பெற்று, சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து, இரண்டு நாற்காலிகளுக்கிடையே இரண்டரை அடி உயரத்தில் கயிறு கட்டினேன். அதுவே எங்கள் வலை. பத்து வயதில் மகள் மறுபடியும் வந்து நின்றது அந்தக் களத்தில்தான்.

அப்போது இன்னொரு கேள்வி எழுந்தது. பரணிலிருந்து இறக்கிய மட்டையைப் பார்த்த என் தாயார், "இந்த நரம்பு எதனால் ஆனது, தம்பி?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. விசாரித்தபோது, உயர்ந்த விலை மட்டைகளில் இன்றும் பசுவின் குடற்படலத்தால் ஆன நரம்பு கட்டப்படுவதுண்டு என்றும், எங்கள் மட்டையில் இருந்ததும் அதுவே என்றும் தெரிந்தது. கடைகளில் மட்டைக்குக் 'கட்' போடுவது என்கிறார்களே, அச்சொல்லின் பொருளே குடல்தான். நாற்பது ஆண்டுகளாகக் கேட்டும் அதன் பொருளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றே அதனை அறுத்தெடுத்தோம். மகளுக்கென 25 அங்குல மட்டை ஒன்றை நைலான் நரம்போடு வாங்கினோம்.

நம் குடும்பங்கள் இதை அறிந்திருத்தல் நலம். 'சிந்தெடிக் கட்' என்று அட்டையில் எழுதியிருந்தால் அது நைலான், அஞ்ச வேண்டியதில்லை. 'நேச்சுரல் கட்' என்றிருந்தால் அது விலங்கின் குடல். பாலியெஸ்டர் நரம்பும் உண்டு. ஆனால் அது விறைப்பானது, தொடக்க நிலையில் முழங்கைக்கு வலி தரக்கூடும். ஆகவே நைலானே நம் கொள்கைக்கும் பிள்ளையின் கைக்கும் உகந்தது. பிடியில் சுற்றியிருப்பது தோலா, செயற்கைப் பொருளா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

இனிப் பழகும் முறை. ஒருவருடன் கைகுலுக்குவது போல மட்டையைப் பிடிக்கட்டும். முதல் வாரம் மட்டையின் மேல் பந்தைத் தட்டித் தட்டி ஏந்தட்டும். அடுத்துச் சுவரில் அடித்து, ஒருமுறை தரையில் பட்டு வருவதைத் திருப்பி அடிக்கட்டும். பந்து உடலுக்கு முன்னே இருக்கும்போதே மட்டை அதனைத் தொட வேண்டும். மட்டை தாழ்விலிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும். பின்னர் இருவர் எதிரெதிரே நின்று எத்தனை முறை பந்தை நிறுத்தாமல் பரிமாறுகிறோம் என்று எண்ணட்டும். இதில் தோற்பவர் இல்லை. எண்ணிக்கை இருவர்க்கும் பொதுவானது. சர்வீஸ் கடைசியில் வரட்டும். 15, 30, 40 என்னும் கணக்கு ஆடும்போதே மனத்தில் பதிந்துவிடும்.

காலையில் வெயில் ஏறுமுன் ஆடுதல் சிறப்பு. மாலையில் ஆடினால், பொழுது சாயுமுன் உணவருந்த நேரம் விட்டு முடித்துக்கொள்ளலாம். ஆடுமுன் மென்மையான துடைப்பத்தால் களத்தைக் கூட்டுவோம். எறும்புச் சாரை கண்டால் அன்று சுவர்ப் பயிற்சியோடு நிறுத்திவிடுவோம். மகளே இப்போது இதனை நினைவூட்டுகிறாள்.

இது செல்வர்க்குரிய ஆட்டம், வலியோர்க்குரிய ஆட்டம் என்று ஒதுங்க வேண்டாம். நாகர்கோவிலில் 1937இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனுக்கு முதல் ஆசான் அவர் தந்தையே. 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தையும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வாய்ப்பையும் அவர் பெற்றது முரட்டு வன்மையால் அன்று. பந்தைத் தொடும் நயத்தால். 1966இல் கல்கத்தாவில் பிரேசில் வீரர் தாமஸ் கோக்கிடம் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டில் 2-5 என்று பின்தங்கிய நிலையிலும் பொறுமை இழவாது ஆடி வென்றார். அவ்வெற்றியால் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை எய்தியது. அவர் மகன் இரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். சிறு வயதில் நோயால் நலிந்திருந்த விஜய் அமிர்தராஜ், உடல் தேறுவதற்காக மட்டையைப் பிடித்து, 1973இலும் 1981இலும் விம்பிள்டன் காலிறுதி வரை சென்றார்.

என் மகளுக்கு இப்போது வயது பதினான்கு. கோப்பை எதுவும் வீட்டுக்கு வரவில்லை. தம்பிக்குச் சிவப்புப் பந்தை மெதுவாகப் போட்டுக் கற்றுத்தருகிறாள். அவன் தவறவிட்டால் அதட்டுவதில்லை. நான் அவளுக்குச் செய்யத் தவறியதை அவள் அவனுக்குச் செய்கிறாள். அதைக் காணும்போது அந்த இரண்டு ஆண்டுகள் என் நெஞ்சில் இன்றும் உறுத்துகின்றன.

நிறைவாக, அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். நைலான் நரம்பிட்ட சிறு மட்டைகள் நான்கும், சிவப்புப் பந்துகள் ஒரு பையும் நம் மண்டபத்தில் இருக்கட்டும். விடுமுறையில் கூடும் பிள்ளைகள் எடுத்து ஆடட்டும். வாங்கிக் கொடுக்க இயலாத பெற்றோரின் பிள்ளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். முதல் இரண்டு மட்டைகளை என் குடும்பத்தின் சார்பில் இன்றே ஒப்படைக்கிறேன்.