டேலி ஆகாத அமேசான் கணக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் பி.காம். படித்தவன், அறிவியல் என் பாடம் இல்லை. ஆனால் சமீபத்தில் படித்த ஒரு விஷயம், கணக்கு டேலி ஆகாமல் இரவு ஒன்பது மணி வரை வங்கியில் உட்கார்ந்திருந்த நாட்களை நினைவுபடுத்தியது. அதனால் துணிந்து மைக்கைப் பிடித்துவிட்டேன்.

இடம், பிரேசிலின் அமேசான் ஆறு. மனாஸ் நகரத்தருகே நீர்மட்டம் ஆண்டுதோறும் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். நம் கட்டடத்தில் மூன்று மாடி! வெள்ளம் காட்டுக்குள் புகுந்து, ஏரிகளாக மாதக்கணக்கில் நிற்கும். இலையும் புல்லும் அடிச்சேற்றில் மட்கும். அங்கே ஆக்சிஜன் இல்லாததால், நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நம் கழிவுநீர்த் தொட்டியிலும் இதே கதைதான். ஆனால் மூக்கைப் பிடிக்க வைப்பது மீத்தேன் அல்ல, அதற்கு வாடையே கிடையாது. கூடவே வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் குற்றவாளி.

நீரில் கரைந்து மெல்ல மேலேறும் மீத்தேனில் ஒரு பகுதியை வேறு நுண்ணுயிர்கள் வழியிலேயே தின்றுவிடும். குமிழியாகக் கிளம்புவது பெரும்பாலும் தப்பிவிடும். இதை அளக்க, புனலை நீருக்குள் கவிழ்த்து வைத்துக் குமிழிகளைப் பிடிக்கிறார்கள்.

இப்படி நீரிலும் நிலத்திலும் அளந்ததைக் கூட்டினார்கள். இன்னொரு பக்கம், விமானத்தில் காற்று மாதிரி எடுத்துப் போட்ட கணக்கு ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் என்றது. கீழ்க்கணக்கில் பெருந்தொகை துண்டு விழுந்தது.

2017-ல் சுனிதா பங்கலா என்ற விஞ்ஞானியின் குழு, விடுபட்ட பதிவைக் கண்டுபிடித்தது. வெள்ளத்தில் நிற்கும் 2,300-க்கும் மேற்பட்ட மரங்களின் தண்டில் அளந்தார்கள். சேற்று மீத்தேன் வேர் வழியே ஏறி, பட்டை வழியே வெளியே போகிறது. அது மட்டுமே ஆண்டுக்கு 1.5 முதல் 2.1 கோடி டன்! எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்படியானால் மரத்தை வெட்டிவிடலாமா?" என்று என் மனைவி கேட்டார். கூடாது. மரம் வெறும் குழாய்தான், வாயு பிறப்பது சேற்றில். அதுவும் காலங்காலமாக இருக்கும் பழைய பற்று. தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிடக் காற்றில் மீத்தேன் இப்போது இரண்டரை மடங்குக்கு மேல். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி மாடுகள், நெல்வயல், எரிவாயுக் கிணறு, குப்பைக் கிடங்கு என்று நம் பேரில்தான் எழுத வேண்டும்.

2007 முதல் அது மறுபடி ஏறுகிறது. இதில் வெப்பமண்டலச் சதுப்புகளின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. பூமி சூடேறினால் சேற்று நுண்ணுயிர்களும் சுறுசுறுப்பாகும். அதனால்தான் இந்தப் பழைய பற்றைச் சரியாக எழுதி வைக்க அவர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.