கண்ணாடியைக் காப்பாற்றினேன், படத்தை விட்டுவிட்டேன்!



கேமரா லென்ஸுக்கு முன்னால் எந்நேரமும் பாதுகாப்பு ஃபில்டர் மாட்டி வைக்க வேண்டுமா? வேண்டாம் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அம்மா, 'ஃபில்டர்தான் கேமராவுக்கு ஹெல்மெட்'னு சொன்னாங்க. நானே கைதட்டிட்டேன். (சிரிப்பு)

ஆனா அம்மா, அது எவ்வளவு மெல்லிசான கண்ணாடி தெரியுமா? இடிச்சா முதல்ல உடையறது அதுதான். உடைஞ்ச சில்லு உள்ளே இருக்கிற லென்ஸையே கீறிடலாம். அடி தாங்கறதுக்கு ஹூட் இருக்கே! லென்ஸைச் சுத்தி நிக்கும், படத்துக்குக் குறுக்கே நிக்காது. நிஜமான ஹெல்மெட் அதுதாங்க! (கைதட்டல்)

'புற ஊதாக் கதிரைத் தடுக்குமே'ன்னாங்க. ஃபிலிம் காலத்துக்கு அது நியாயம். மலைமேலே எடுத்தா படத்திலே நீலமா மூட்டம் படியும். இப்போ டிஜிட்டல் கேமராவிலே அதைத் தடுக்கிற கண்ணாடியைச் சென்சாருக்கு முன்னாடியே வச்சுத்தான் தர்றாங்க.

நம்ம வீட்டு டி.வி. ரிமோட்டைப் பாருங்க. வாங்கின அன்னிக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை. நம்பர் ஒண்ணும் தெரியாது. ஆனா ரிமோட் புத்தம் புதுசு! (பலத்த சிரிப்பு)

சிரிக்கிற விஷயம் இத்தோட முடிஞ்சுதுங்க. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கத்துக்கு 8 சதவீதம். நல்ல பூச்சு இருந்தா இது ரொம்பக் குறையும், ஒத்துக்கறேன். என்கிட்ட இருந்தது மலிவான ஃபில்டர்.

ஒரு கார்த்திகை தீபம். இருட்டு வாசல்லே எங்கம்மா குனிஞ்சு அகல் ஏத்தறாங்க. முகமெல்லாம் மஞ்சள் வெளிச்சம். எடுத்தேன். கீழே இடது பக்கம் எரியற சுடர், மேலே வலது பக்கம் இன்னொரு தடவை விழுந்திருக்கு. தலைகீழா, மங்கலா, எங்கம்மா முகத்து மேலேயே! சென்சாரிலே பட்டுத் திரும்பின வெளிச்சம், அந்தத் தட்டைக் கண்ணாடியிலே மோதி மறுபடி உள்ளே போன வேலை அது.

சரி, அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் அகல் இருந்தது, கேமரா இருந்தது. எங்கம்மா இல்லைங்க. (அரங்கில் அமைதி)

அந்த லென்ஸிலே இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் கிடையாது நடுவர் அவர்களே! யாருக்கு வேணும்? முன் கண்ணாடியிலே சின்னக் கீறல் விழுந்தாகூடப் பெரும்பாலும் படத்திலே தெரியாது.

கடற்கரைக்குப் போறீங்களா? உப்புச்சாரல், மணல் இருக்கும். மாட்டிக்குங்க. வீட்டுக்கு வந்ததும் கழட்டிடுங்க. விளக்குக்கு முன்னாடி மட்டும் வேண்டவே வேண்டாம். லென்ஸ் போனா இன்னொண்ணு வாங்கலாம். முகம் போனா எந்தக் கடையிலே வாங்குவோம்?

(நீண்ட கைதட்டல்)