பணிவிடை செய்வார்க்குப் பணிவிடை



அகத்தவம் ஆறனுள் ஒன்று வையாவிருத்தியம். மூத்தோர், நோயுற்றோர் முதலிய அறவோர்க்குப் பணிவிடை செய்தல் அது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவதான நிர்விசிகித்சை, நோயுற்ற உடலைக் கண்டு அருவருப்புக் கொள்ளாமையாகும். அதற்குச் சான்றாகக் கூறப்பெறுபவன் உத்தாயண மன்னன். அவனைச் சோதிக்க நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை வாந்தியெடுத்தபோதும் மன்னன் முகம் சுளிக்காது பணிவிடை செய்தான்.

அத்தகைய சோதனை 2020ஆம் ஆண்டில் உலகுக்கே நேர்ந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவதையொட்டி, அவ்வாண்டைச் செவிலியர்க்குரிய ஆண்டாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே கொரோனா பெருந்தொற்றும் பரவியது. அக்டோபர் இறுதிக்குள் 44 நாடுகளில் மட்டும் 1,500 செவிலியர் அந்நோயால் இறந்ததாகப் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் கணக்கிட்டது.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் கேரளத்துக் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், 93 வயது முதியவரும் 88 வயதுடைய அவர் துணைவியாரும் தொற்றுடன் இருந்தனர். அத்தகைய முதியோரை எட்ட நின்று பேணுதல் இயலாது. அவர்களைப் பேணிய செவிலியர் ஒருவரையும் நோய் பற்றியது. தாம் பணிபுரிந்த மருத்துவமனையிலேயே அவர் நோயாளியானார். முதியோர் இருவரும் நலமடைந்தனர், செவிலியரும் நலமடைந்தார். தனித்திருக்கும் நாள்கள் முடிந்ததும் மீண்டும் கொரோனா பிரிவிலேயே பணிபுரிய அவர் விரும்பினார்.

நோயுறும் செவிலியர் படும் துன்பம் இருவகைத்து. காய்ச்சல், மூச்சுத்திணறல், மணமும் சுவையும் அறியாமை, சிலர்க்கு மாதக்கணக்கில் நீளும் அயர்வு ஆகியவை உடல் துன்பம். மனத் துன்பம் அதனினும் கொடிது. நோயின் போக்கைப் பிறரிடம் கண்டவராதலின், தம் உடலில் தோன்றும் ஒவ்வோர் அறிகுறியின் பொருளையும் அவர் அறிவார். வீட்டிலுள்ள குழந்தைக்கும் பெற்றோர்க்கும் தம்மால் நோய் வந்திருக்குமோ என அஞ்சுவார். தம் பணிச்சுமையும் உடன் பணிபுரிவோர் மேல் விழுமே என வருந்துவார்.

இவற்றோடு மூன்றாவது துன்பத்தை மக்களே சேர்த்தனர். மருத்துவப் பணியாளரை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னோர் உண்டு. தெருவில் வசை கூறினோரும் உண்டு. அவர்களைத் தாக்குவோர்க்கு ஐந்தாண்டு வரையிலும், கொடுங்காயம் விளைத்தால் ஏழாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்குமாறு, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை 2020 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் திருத்த வேண்டியதாயிற்று. மனம், மொழி, மெய் மூன்றாலும் செய்யப்படுவது இம்சை என்பது ஜின நெறி. ஆதலின் வசைச்சொல்லும் இம்சையே. நோயுற்றார் முன் கதவை அடைத்தலும் இம்சையே.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். நோயுற்ற செவிலியரின் வாசலில் வைக்கப்படும் ஒரு வேளை உணவு ஆகார தானம். அவர் உண்ண வேண்டிய மருந்தை வாங்கித் தருவது ஔஷத தானம். நோயின் இயல்பை அறிந்து, அச்சத்தால் பரவும் பொய்யுரையை அண்டை வீட்டாரிடம் திருத்துவது அறிவுத் தானம். ‘இவ்வீட்டிலேயே இருங்கள், அம்மா, குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்னும் சொல் அபய தானம். இந்நான்கிற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பிறர் நோயைத் தொட்டுத் துடைத்தவர் நோயுறும் நாளில், அவரை அருவருத்து ஒதுக்காத நெஞ்சமே வேண்டும்.

அறநெறி ஓங்குக!