பருத்த உடலும் புராஸ்டேட் நோயும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சிறு சுரப்பி புராஸ்டேட். இடுப்புச் சுற்றளவு 10 சென்டிமீட்டர் மிகுந்தவர்க்கு, இச்சுரப்பியின் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது என்று 2022இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இது சிறு உயர்வே. நான் அஞ்சுவது வேறொன்றை.

இச்சுரப்பியிலிருந்து கசியும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் இரத்தத்தில் மிகுந்திருந்தால், மருத்துவர் நோயை ஐயுறுவர். பருத்த உடலிலோ இரத்தமே மிகுதி. ஒரு பிடி உப்பைச் செம்பு நீரிலும் குடத்து நீரிலும் கரைத்துச் சுவைத்துப் பாருங்கள்! அவ்வாறே புரதமும் நீர்த்து, அளவு குறைந்து காட்டக்கூடும். நோய் இருந்தும் ஐயம் எழாது. பருத்தவரிடம் நோய் முற்றிய நிலையில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

ஆதலின், பருத்த உடலினரான உங்கள் தந்தையார், “எண் குறைவாகத்தான் வந்தது” என்று மகிழ்ந்தால், “எடையையும் கருதியா மருத்துவர் அவ்வாறு கூறினார், அப்பா?” என்று கேளுங்கள்.